ரேசர்தான் போடுகிறேன், அதற்கென்ன இப்போது?

அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும், பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம். போன வாரம் யாரோ கேட்டதற்கு "நான் மோவாயில் ரேசர்தான் போடுகிறேன்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதை வெட்டியெடுத்து "மீசைக்கார அக்கா" என்று தலைப்பு வைத்து ஆளாளுக்குப் பகிர்ந்து விளையாடி முடித்துவிட்டீர்கள். சரி, பட்டப்பெயர் எனக்குப் புதிதில்லை, எட்டாம் வகுப்பிலேயே வாங்கியாகிவிட்டது. எரிச்சலெல்லாம் அதற்குக் கீழே வந்து குவிந்த அறிவுரைகள்மேல்தான்.

"ரேசர் போட்டால் தடித்து முளைக்கும்." தடிக்காது. மறுபடியும் சொல்கிறேன், தடிக்காது. முடியின் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கிறது, ரேசர் வெட்டுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செத்த தண்டை. மேலே வெட்டியதைக் கீழே வேரிடம் யார் போய்ச் சொல்வார்கள்? முடியின் நுனி இயல்பாகவே கூம்பியிருக்கும், வெட்டினால் மொட்டையாகிவிடும், அதுதான் விரலில் சொரசொரவென்று படுகிறது. 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற ஆராய்ச்சியாளர் சவரம் செய்த முடியைச் சேகரித்து அளந்து பார்த்து, வளர்ச்சியும் கூடவில்லை தடிமனும் கூடவில்லை என்று எழுதிவிட்டார். இல்லை, பெருகத்தான் செய்யும் என்பவர்களிடம் ஒரு சின்ன சந்தேகம்: அப்படியானால் முன்மண்டை வழுக்கையானவர்கள் எல்லாம் தினம் அங்கே ரேசர் ஓட்டி ஏன் இன்னும் காடு வளர்க்கவில்லை?

அடுத்தது, "ரேசர் முரட்டுத்தனம், கிரீம் போடுங்கள், மென்மையானது." மென்மையா? அதிலிருக்கும் தயோகிளைகோலேட் என்ற ரசாயனம் முடியின் கெரட்டின் என்ற புரதத்தைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்புகளை உடைத்துக் கூழாக்குகிறது. தோலிலும் இருப்பது கெரட்டின்தான். இருபத்து மூன்று வயதில் மேலுதட்டில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு போன் வந்தது, பேச்சு சுவாரசியத்தில் அட்டையில் போட்டிருந்த நேரத்துக்கு மேல் ஏழெட்டு நிமிடம் ஓடிவிட்டது. கழுவிப் பார்த்தால் மீசை இருந்த இடத்தில் அச்சு அசலாக ஒரு சிவப்பு மீசை. மறுநாள் நேர்முகத் தேர்வு. எதிரே இருந்த மூன்று பேரும் என் கண்களை மட்டுமே பார்க்க எவ்வளவு பாடுபட்டார்கள் தெரியுமா?

வாக்சிங் கட்சிக்கு: நான் பருவுக்கு ரெட்டினாய்டு என்ற மருந்தைத் தடவுகிறவள், அதனால் தோலின் மேலடுக்கு மெலிந்திருக்கும், வாக்ஸோடு தோலும் உரிந்து வந்துவிடும்.

லேசர் கட்சிதான் பெரிய கட்சி. "ஒரே செலவு, நிரந்தரத் தீர்வு, ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள்" என்று அவ்வளவு கரிசனம். போய் வந்துவிட்டேன், அம்மா. லேசர் தேடிப் போவது முடியிலிருக்கும் கருமையை. தோலும் கருப்பாக இருந்தால் சூட்டில் பங்கு அதற்கும் கிடைக்கும். கருத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர்தான் மற்றவற்றைவிடப் பாதுகாப்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருக்க வேண்டியவர் அன்று கையில் கருவியோடு என் தலைமாட்டில் நின்றவர். அவர் கேட்ட ஒரே கேள்வி, பேக்கேஜாக எடுக்கிறீர்களா என்பது. இரண்டாவது முறையிலேயே தாடையோரம் பொட்டுப் பொட்டாகக் கருத்துவிட்டது, மங்குவதற்கு எட்டு மாதம் ஆனது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏவே லேசருக்கு நிரந்தரமாகக் "குறைக்கும்" என்று சொல்லிக்கொள்ளத்தான் அனுமதிக்கிறது, "நீக்கும்" என்றல்ல. நீக்குவது ஒவ்வொரு வேராக ஊசி இறக்கிச் சுடும் எலக்ட்ராலிசிஸ். அதற்கு மாதக்கணக்கில் போய்ப் படுத்துக்கிடக்கும் பொறுமை எனக்கில்லை. லேசரால் நிம்மதியானவர்களும் இருக்கிறார்கள், சந்தோஷம், அது உங்கள் தோல். என் தோலுக்கு ஒத்துக்கொள்வது, வெந்நீரில் முகம் கழுவி, ஜெல் தடவி, முடி சாயும் பக்கமாகவே இழுக்கும் இரண்டு நிமிட ரேசர்.

"ஹார்மோன் பிரச்சினையாக இருக்கும், டாக்டரைப் பாருங்கள்." திடீரென்று முளைக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், அதில் மறுப்பில்லை. நான் பார்த்தாகிவிட்டது, பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறுதான், பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கண்ணாடியே இல்லாதவள் என்று நினைத்துவிட்டீர்களா?

அப்புறம், "எதற்கு எடுக்க வேண்டும், இயற்கையாக விடுங்கள், பெண்ணுடலை வெறுக்காதீர்கள்" என்று பத்தி பத்தியாக எழுதிய தோழி. கொள்கையளவில் நீங்கள் சொல்வது சரி, எனக்குப் பதில்கூட இல்லை. ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கைக் குழந்தை என் மோவாயைத் தடவி "அப்பா மாதிரி இருக்கு" என்று சிரித்தபோது நீங்கள் அங்கே இல்லை. குழந்தைமேல் ஒன்றுமில்லை. அதன் அம்மா அந்தக் கையைப் படக்கென்று பிடுங்கினாள் பாருங்கள், ஏதோ நெருப்பைத் தொட்டுவிட்ட மாதிரி. ஊரிலிருக்கும் ஆண்களெல்லாம் காலையில் இதையேதான் செய்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள், அதற்குப் பெயர் சுத்தம். நான் செய்தால் மீம்.

முகம் தெரியாதவர்கள் சிரித்ததுகூடப் போகட்டும். விடுதியில் ராத்திரி பதினொரு மணிக்கு ட்யூப்லைட்டுக்கு நேராக என் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "அசையாதடி, அசையாதடி" என்று ட்வீசரால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டவள் ஒருத்தி. பிடுங்கும்போது என்னைவிட அதிகமாக "ஸ்ஸ்" சொன்னவள். அந்தப் பதிவுக்குச் சிரிப்பு முகம் போட்டவர்கள் வரிசையில் அவள் பெயரும் இருக்கிறது. கை தவறிப் பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். காலையிலிருந்து நான்கு தடவை போய்ப் பார்த்துவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை.