கார்டைக் கடைசியில் வாங்குங்கள்: ரேக் சர்வரில் ஜிபியு போடுவோர் கவனத்துக்கு

கல்லூரி ஆய்வகங்களும் சிறு நிறுவனங்களும் பழைய 2யு ரேக் சர்வர் (சட்டத்தில் அடுக்கிவைக்கும் தட்டையான சர்வர்) ஒன்றை வாங்கி, அதில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) போட்டு ஏஐ வேலைகளை ஓட்டப் பார்க்கின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் பெரும்பாலும் வரிசை தலைகீழாகப் போகிறது. முதலில் கார்டுக்குப் பணம் கட்டிவிட்டு, அது உள்ளே நுழையுமா என்று அப்புறம் பார்க்கிறார்கள். என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: கார்டு கடைசியாக வாங்க வேண்டிய பொருள். சரியான ரைசர் (கார்டைப் படுக்கவைத்து மாட்ட உதவும் இணைப்புப் பலகை), பவர் கேபிள், குட்டை ஹீட்சிங்க் (சிபியு மேல் உட்கார்ந்து வெப்பத்தை எடுக்கும் உலோகப் பாகம்), போதுமான பவர் சப்ளை ஆகியவை கைக்கு வந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செகண்ட்ஹேண்ட் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் டெல் பவர்எட்ஜ் ஆர்730ஐயே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். எச்பிஇ டிஎல்380 வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதுதான், பாகங்களின் பெயர்தான் மாறும்.

முதலில் இடம். 2யு என்றால் 88.9 மிமீ உயரம். முழு உயர பிசிஐஇ கார்டின் (மதர்போர்டு ஸ்லாட்டில் செருகும் கார்டின்) உயரமோ 111 மிமீ. எனவே நிமிர்த்தி வைக்க முடியாது, ரைசரில் படுக்கவைத்துத்தான் மாட்ட வேண்டும். ஆர்730இல் மூன்று ரைசர்கள் உண்டு. ரைசர் 1 லோ புரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டுகளுக்கானது. ரெட்டை அகல கார்டு என்றால் ரைசர் 2, ரைசர் 3 இரண்டில்தான் இடம். அதிலும் ரைசர் 3க்கு, ஒரே ஒரு எக்ஸ்16 (16 லேன்) ஸ்லாட் மட்டும் உள்ள ஜிபியு வகை ரைசர் தனியாக உண்டு. இரண்டாவது கார்டு போடும் திட்டமிருந்தால் சர்வரில் எந்த ரைசர் இருக்கிறது என்று மூடியைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, ரேக் சர்வர்களில் சில ஸ்லாட்கள் இரண்டாவது சிபியுவோடு இணைந்தவை. ஒரு சிபியு மட்டும் இருக்கும் சர்வரில் அந்த ஸ்லாட்டுக்கு உயிர் இருக்காது. கார்டு பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

அடுத்தது பவர் கேபிள். பணம் புகையாகப் போகும் இடம் இது.

என்விடியாவின் டெஸ்லா பி40, பி100, வி100, ஏ100 பிசிஐஇ கார்டுகளில் இருக்கும் 8 பின் சாக்கெட், டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் 8 பின் அல்ல. மதர்போர்டில் சிபியுவுக்குப் போகும் இபிஎஸ் வகை 8 பின் அது. இபிஎஸ்ஸில் நான்கு பின் 12 வோல்ட், நான்கு பின் கிரவுண்ட். பிசிஐஇ 8 பின்னில் மூன்று 12 வோல்ட், மற்ற ஐந்தும் கிரவுண்ட் பக்கம். போதாததற்கு வரிசையும் எதிரெதிர். ஒன்றில் 12 வோல்ட் வரும் இடத்தில் மற்றதில் கிரவுண்ட் இருக்கும். பிளாஸ்டிக் வடிவம் கொஞ்சம் வேறுபட்டாலும் அழுத்தினால் உள்ளே போய்விடும். போனால் நேரடி ஷார்ட். பவர் சப்ளை தன்னைத் தானே அணைத்துக்கொண்டால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் கார்டோ ரைசரோ கருகும். இதோடு டெல் ரைசரில் உள்ள 8 பின் பவர் சாக்கெட்டின் பின் அமைப்பு டெல்லுக்கே உரியது. எனவே 'ஆர்730 ரைசரிலிருந்து இபிஎஸ் 8 பின்' என்று தெளிவாகக் குறிப்பிட்ட கேபிளைத்தான் வாங்க வேண்டும். கேபிள் வந்ததும் கார்டில் செருகாதீர்கள். ரைசரில் மட்டும் மாட்டி, சர்வரை ஆன் செய்து, மறுமுனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட் வருகிறது என்று மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

புதிய எல்40, எச்100 பிசிஐஇ கார்டுகளுக்கு 16 பின் கனெக்டர். அதற்கு இந்தப் பழைய கேபிள்கள் எதுவும் ஆகாது.

பவர் சப்ளை கணக்கைப் பலரும் தவறாகப் போடுகிறார்கள். இரண்டு 750 வாட் இருந்தால் 1500 வாட் என்று கூட்டக்கூடாது. ஒன்று போனால் மற்றது தனியாகத் தாங்க வேண்டும், அதற்காகத்தான் இரண்டு. 120 வாட் சிபியு இரண்டு என்றால் 240. பி40 ஒன்றுக்கு 250. மெமரிக்கும் எட்டு டிரைவுக்கும் சேர்த்துச் சுமார் 120. மதர்போர்டு, முழு வேகத்தில் ஓடும் ஃபேன்கள், இதரவற்றுக்கு 150. ஆக 760 வாட். ஒரே ஒரு பி40 போட்டாலே 750 வாட் பவர் சப்ளை விளிம்பைத் தாண்டிவிடுகிறது. இரண்டு போட்டால் 1000க்கு மேல். அதனால் 1100 வாட் சப்ளை இரண்டு வாங்குங்கள், இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். அமெரிக்காவில் 110 வோல்ட் லைனில் பெரிய சப்ளைகள் பல முழுத் திறனைத் தராது. நமக்கு 230 வோல்ட் என்பதால் அந்தத் தொல்லை இல்லை. நமக்குத் தொல்லை யுபிஎஸ். 1 கேவிஏ யுபிஎஸ் என்பது நிஜத்தில் 800, 900 வாட்தான். இரண்டு கார்டு போட்ட சர்வரை அதில் மாட்டினால், மின்வெட்டு வரும் நொடியிலேயே ஓவர்லோடு ஆகும்.

இப்போது வெப்பம். சர்வர் ஜிபியுவில் ஃபேன் கிடையாது. பி40, என்விடியாவின் சிறிய கார்டுகளான டி4, எல்4 எல்லாமே வெறும் ஹீட்சிங்க் கார்டுகள். முன்னாலிருந்து பின்னால் தள்ளப்படும் காற்றை நம்பியே வாழ்கின்றன. ஆர்730இன் வழக்கமான சிபியு ஹீட்சிங்க் உயரமானது, அது காற்றை மறித்துவிடும். அதனால்தான் டெல்லின் ஜிபியு கிட்டில் கேபிளோடு குட்டை ஹீட்சிங்க் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஹீட்சிங்க் குட்டையானால் சிபியுவின் வெப்பத்தை எடுக்கும் திறனும் குறையும், அதனாலேயே ஜிபியு அமைப்பில் அதிக வாட் சிபியுகளை நிறுவனம் அனுமதிப்பதில்லை. ஆறு ஃபேனும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் காற்றுமறைப்பும், காலி டிரைவ் இடங்களை அடைக்கும் மூடிகளும் வெறும் அலங்காரம் அல்ல. ஒன்று இல்லாவிட்டாலும் காற்று சுலபமான வழியில் நழுவிவிடும், கார்டுக்குள் போகாது.

டெல் அறியாத பிசிஐஇ கார்டைப் போட்டால் ஐடிராக் (டெல் சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் உள் அமைப்பு), பாதுகாப்புக்காக ஃபேன்களை வேகமாகச் சுற்றவைக்கும். சத்தம் தாங்காமல் பலர் ஐபிஎம்ஐ (சர்வர் நிர்வாக) கட்டளை மூலம் இந்த வேகமூட்டலை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து பி40 உள்ள சர்வரில் இதைச் செய்யாதீர்கள். அதன் பிறகு ஃபேன் வேகத்தை முடிவு செய்வது சிபியு வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும்தான். ஜிபியு 90 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்க, சிபியு சும்மா இருப்பதால் ஃபேன்கள் மெதுவாகவே சுற்றும். சர்வரை ஏசி இல்லாத அறையில் வைப்பதும் இதே கதைதான். சாதாரண சர்வருக்கு உள்ளே வரும் காற்று 35 டிகிரி வரை இருக்கலாம் என்றால், ஜிபியு போட்ட பிறகு சில மாடல்களில் அந்த வரம்பு 30க்கு இறங்கிவிடும். நம் ஊர் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

பயாஸில் (சர்வரின் துவக்க அமைப்புகளில்) பார்க்க வேண்டியவை குறைவு. பி40 தன் நினைவகத்துக்காக 32 ஜிபி முகவரி இடம் கேட்கும். 'மெமரி மேப்டு ஐஓ அபவ் 4ஜிபி' (சூப்பர்மைக்ரோவில் 'அபவ் 4ஜி டிகோடிங்') ஆன் ஆகாவிட்டால், லினக்ஸ் பதிவில் பார்1 (கார்டின் நினைவகத்துக்கான முகவரிப் பகுதி) அளவு 0 என்று வரும், டிரைவர் ஏறாது. விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் கோட் 12 என்ற பிழை வரும். பூட் முறை பழைய வகையில் இல்லாமல் யுஇஎஃப்ஐ ஆக இருக்கட்டும். சர்வரில் ஏற்கெனவே உள்ள மேட்ராக்ஸ் வீடியோ சிப்பை அணைத்துவிடாதீர்கள், அணைத்தால் ஐடிராக் கன்சோல் இருண்டுவிடும். பி40இல் மானிட்டர் மாட்டும் வசதியே கிடையாது.

கேமிங் கார்டைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3090இன் என்விடியா சொந்த மாடலே 138 மிமீ உயரம், மூன்று ஸ்லாட் தடிமன், 350 வாட். 2யு பெட்டிக்குள் அதன் ஃபேன்கள் சூடான காற்றைப் பெட்டிக்குள்ளேயே சுழற்றும். ஜிஃபோர்ஸ் டிரைவர் உரிமத்திலும் டேட்டா சென்டர் பயன்பாட்டுக்குத் தடை இருக்கிறது. அதற்கு நல்ல டவர் கேபினட் வாங்குங்கள்.

அப்படியானால் எது? பெரும்பாலோருக்கு டி4 அல்லது எல்4 போதும் என்று உறுதியாகச் சொல்வேன். டி4க்கு 70 வாட், 16 ஜிபி. எல்4க்கு 72 வாட், 24 ஜிபி. இரண்டும் லோ புரொஃபைல், ஒற்றை ஸ்லாட், பவர் கேபிளே தேவையில்லை. ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த ஸ்லாட் உண்மையிலேயே 75 வாட் தருகிறதா என்று மேனுவலில் பாருங்கள், 25 வாட்டோடு நிற்கும் ஸ்லாட்களும் உண்டு. பழைய கார்டு வாங்கும்போது பிராக்கெட் குட்டையா நெட்டையா என்று கேட்க மறக்காதீர்கள்.

பி40இன் 24 ஜிபி மலிவாகக் கிடைப்பது உண்மை. ஆனால் மொழி மாதிரி (உரை எழுதும் ஏஐ) ஓட்டும்போது வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நினைவக அலைவரிசை. பி40க்கு விநாடிக்கு 346 ஜிபி, எல்4க்கு 300. 250 வாட் குடித்தும் பெரிய வித்தியாசம் இல்லை. எஃப்பி16 (16 பிட் தசம எண்) கணக்கில் பி40 மிக மெதுவானது. என்விடியாவின் ஜிபியு மென்பொருளான கூடாவின் 13ஆம் பதிப்பு, பி40 சேர்ந்த பாஸ்கல் தலைமுறையையே கைவிட்டுவிட்டது, ஆகவே பழைய கூடாவிலேயே இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் என்விடியா எஸ்எம்ஐ என்ற கட்டளைக் கருவி மூலம் பவர் வரம்பை 180 வாட்டுக்கு இறக்கிவையுங்கள். வேகம் கொஞ்சம்தான் குறையும், வெப்பம் நன்றாகக் குறையும்.

'ஜிபியு ரெடி' என்று சொல்லி ரைசரும் கேபிளும் இல்லாமல் சர்வரைக் கல்லூரிகளுக்கு விற்பது அநியாயம். கொட்டேஷனிலேயே ரைசர் வகை, கேபிள் வகை, குட்டை ஹீட்சிங்க் இரண்டு, 1100 வாட் சப்ளை இரண்டு, ஃபேன் ஆறு என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். சர்வர் வந்ததும் ஜிபியுவுக்கு ஒரு மணி நேரம் முழு லோடு கொடுத்து, வெப்பத்தையும் கிளாக் குறைகிறதா என்பதையும் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்தின் நடுவில் ஒரு பவர் சப்ளையின் மின் கேபிளைப் பிடுங்கியும் பாருங்கள். சர்வர் நிற்காமல் ஓடினால் பில்லில் கையெழுத்துப் போடலாம்.