அப்பாவின் நெஞ்சு பாரம்

குடியாத்தத்தில் 30 வருஷம் லுங்கி நெய்தவர் என் அப்பா. தறியை விற்ற மாதத்திலிருந்து திண்ணையை விட்டு இறங்கவில்லை. காலை 5 மணிக்கு டீக்கடைக்கு முதல் ஆளாகப் போகிற மனுஷன், கூட்டாளிகள் வாசலில் வந்து கூப்பிட்டாலும் "நீங்க போங்கப்பா" என்று அனுப்பிவிடுவார். விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். ஒருநாள் "நெஞ்சு பாரமா கீது" என்றார். வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். நாம் மனசையும் நெஞ்சு என்கிறோம், மாரையும் நெஞ்சு என்கிறோம். அவர் எதைச் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷத்தில் மாரடைப்பு. ரத்தக்குழாய் அடைக்காமல் விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய், ஸ்டென்ட், வைத்தார்கள். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, பீடி பிடிப்பாரா என்று எல்லாம் கேட்டார்கள். தூக்கம் வருகிறதா, எதிலாவது ஆசை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் தலையணைக்கடியில் மாத்திரை அட்டைகள் கிடைத்தன. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த அட்டையில் இரண்டே இரண்டு குழிதான் காலி. "போட்டு இன்னா ஆவப்போவுது?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த மாத்திரையை விட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளக்கூடும்.

மனச்சோர்வு இதயத்தைத் தொடுவது இப்படி மாத்திரையை விடவைப்பதால் மட்டுமல்ல. அழுத்த ஹார்மோன்கள் ஓயாமல் சுரக்கின்றன, ரத்தக்குழாயில் அழற்சி கூடுகிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கின்றன. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு மன அழுத்தத்தையும் மனச்சோர்வையும் மாரடைப்புக்கான காரணங்களில் சேர்த்தது. இதய நோயாளிகளிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என அமெரிக்க இதயச் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. முதலில் இரண்டே கேள்விதான்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்றுப் போனதா? ஈசிஜி எடுக்கும் நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு இதயப் பிரிவிலும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் "பாகாயம் போறியா?" என்றால் அது வசவு. அங்கே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருப்பதால் வந்த பேச்சு. வீட்டு ஆட்களையும் கூடவே தங்கவைத்துச் சிகிச்சை தருவதில் முன்னோடியான இடம் அது. அந்தப் பேரைச் சொல்லவே அப்பாவிடம் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. "நான் பைத்தியமாடா?" என்று அழுதார். பிறகு வந்தார்.

உங்கள் வீட்டுத் திண்ணையிலும் இப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.