வால்வ் கவரைக் கழற்றினது அவ்வளவு பெரிய குற்றமா?

நம் பைக் ரைடர் குரூப்பில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப எனக்குத் தெம்பில்லை. நான் போட்டது ஒரே ஒரு படம். டேங்க் இறக்கி, ஏர்பாக்ஸ் கழற்றி, என்ஜினின் மேல்மூடியான வால்வ் கவர் திறந்து நிற்கிற என் வண்டி. அதற்குக் கீழே, குரூப்பில் நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஒருவர் எழுதியது: "ஸ்பேனர் பிடிச்சவன்லாம் மெக்கானிக்கு. இவனுங்ககூட ரைடு போனா நமக்குத்தான் ரிஸ்க்கு." 43 பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

என் வண்டியை நான் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். அவ்வளவுதான் விஷயம். மெக்கானிக் தொழிலைக் கேவலப்படுத்தவில்லை, யாரையும் என்னைப்போல் செய்யச் சொல்லவும் இல்லை.

"வண்டி நல்லாத்தானே ஓடுது, எதுக்குப் பிரிக்கணும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்லாத்தான் ஓடுகிறது, அதுதான் பயமே. வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கிற கேமுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி உண்டு, அதுதான் வால்வ் கிளியரன்ஸ். அது அதிகமானால் டிக் டிக்கென்று சத்தம் வரும், காது காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தால் சத்தமே வராது. வண்டி இன்னும் அமைதியாக ஓடுகிற மாதிரிகூடத் தோன்றும். உள்ளே வால்வ் முழுசாக மூடாமல் சூடான காற்று கசிந்துகொண்டிருக்கும். வால்வ் மூடும்போது தன் இருக்கையில் (வால்வ் ஸீட்) பதிந்து உட்கார்ந்தால்தான் தன் சூட்டை இறக்க முடியும். உட்காராவிட்டால் கருகும். டூரிங் வண்டி என்றால் பெட்டி, பின்னால் ஆள், நாள் முழுக்க ஒரே வேகம், அந்தச் சூடு இன்னும் அதிகம். ராத்திரி முழுக்க என்ஜினை ஆறவிட்டு, காலையில் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு 16 வால்வையும் அளந்து எழுதினேன். புகையை வெளியே விடுகிற எக்சாஸ்ட் வால்வில் இரண்டு, குறைந்தபட்ச அளவுக்கும் 0.03 மில்லிமீட்டர் கீழே. 0.03! இதைக் காதால் கேட்டுச் சொல்கிறவர் யாராவது இருந்தால் வரட்டும், காலில் விழுகிறேன்.

"சர்வீஸ் சென்டர் எதுக்கு இருக்கு?" அதையும் பார்த்தவன்தான் நான். பெயர் வேண்டாம். ஒருமுறை முன் டயர் மாற்றக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சும்மா ஒரு சந்தேகத்தில் சக்கர அச்சைக் கவ்விப் பிடிக்கிற ஆக்சில் பிஞ்ச் போல்ட்டில் கை வைத்தால், விரலாலேயே சுற்றுகிறது. விரலால்! ஃபேரிங்கில் இரண்டு கிளிப் காணோம். செயின் வீணைக் கம்பி மாதிரி விறைப்பு. என் வண்டிக்கு அது 25லிருந்து 35 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அவன் கையில் எத்தனை வண்டியோ. எனக்கு இருப்பது ஒன்றுதான், ஒரு போல்ட்டுக்குக் கால் மணி நேரம் ஒதுக்க என்னால் முடியும்.

சரி, "தப்பு பண்ணினதே இல்லையா?" பண்ணியிருக்கிறேன். முதல் தடவை ஆயில் மாற்றியபோது முறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல், கைக்கணக்கில், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டை முறுக்கினேன். ஆயில் தேங்குகிற சம்ப் அலுமினியம், அதன் மரை போய்விட்டது. ஹெலிகாயில் என்கிற புது மரைச் சுருள் போட்டுச் சரிசெய்ய ஒரு வாரம் வண்டி நின்றது. அன்றைக்கு மரை கழன்றது சம்ப்புக்குத்தான், எனக்கல்ல. அடுத்த நாளே டார்க் ரெஞ்ச் வாங்கினேன். போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் போடுகிறேன். இதையெல்லாம் நானே குரூப்பில் எழுதியிருக்கிறேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பிரேக்கைப் பற்றிச் சொன்னவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ப்ளீட் செய்ய, அதாவது பிரேக் லைனிலிருந்து காற்றை வெளியேற்ற, தெரியாதவன் தொடக் கூடாது, உள்ளே காற்று நின்றுவிட்டால் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஃப்ளூயிட் மாற்றுகிறீர்கள்? அது காற்றின் ஈரத்தை இழுக்கிற சரக்கு. டாட் 4 என்கிற தரத்து ஃப்ளூயிட் என்றால் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்கிறது அதே தரம். மலை இறக்கத்தில் பெட்டியோடு இறங்குகிறபோது அந்த 75 டிகிரி எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? டீ கலரில் ஃப்ளூயிட் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் என்னை ரிஸ்க் என்கிறார்கள்.

வாரண்டி போய்விடுமாம். என் வண்டியின் வயதைக் கேட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் எனக்கு வலிப்பது இந்தக் கேள்விகள் இல்லை. எழுதியது யார் என்பதுதான். முன்னொரு நாள் ராத்திரி, நெடுஞ்சாலை ஓரத்தில், அண்ணன் வண்டி பேட்டரி செத்து நின்றது. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ஸீட்டைத் தூக்கியதுமே கருகின வாடை. கரண்ட் உண்டாக்குகிற ஸ்டேட்டரிலிருந்து, அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுகிற ரெகுலேட்டருக்குப் போகிற கனெக்டர் உருகிப்போயிருந்தது. கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு, வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றினேன். ஸ்டேட்டர் வயர் மூன்றும் மஞ்சள், எதை எதோடு சேர்த்தாலும் ஒன்றுதான். என் பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்தோம். மல்டிமீட்டரில் 14.1 வோல்ட், அதாவது பேட்டரி மறுபடி சார்ஜ் ஆகிறது என்று காட்டியபோது, மொபைல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் என் முதுகில் தட்டி, "தம்பி, நீ இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றார். அன்றைக்கும் இதே ஸ்பேனர்தான் அண்ணே.

இதைச் சொல்லிக்காட்ட வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டேன். பரவாயில்லை.

வால்வ் இடைவெளியைச் சரிசெய்கிற சின்னத் தகடு, ஷிம், வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக் கேமைத் திரும்ப ஏற்றுவேன். படமும் போடுவேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அண்ணன் நேற்றுப் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செயின் நன்றாகத் தொங்குகிறது, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் உரசுகிற அளவுக்கு. இன்பாக்ஸில் சொல்லிவிட்டேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.