ஊர்வலத்தை நிறுத்திட்டு டெண்டர் நிபந்தனையைத் திருத்துங்க

நவம்பர் 14 வந்தால் போதும். நீரிழிவு தினம் என்று பேனர் கட்டி, பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கொடியசைத்து ஊர்வலம் விட்டு, கடைசியில் ஆளுக்கொரு சமோசாவும் ஜூஸ் பாக்கெட்டும் கொடுத்து அனுப்புவார்கள். நம்ம கொங்குப் பக்கத்து நகராட்சி, பேரூராட்சிகளின் உடல்நலப் பணி பெரும்பாலும் இத்தோடு சரி.

அதே நவம்பர் 14-ல்தான், 1999-ல், மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். காய் தின்னுங்கள் என்று யாருக்கும் அங்கே வகுப்பெடுக்கவில்லை. கமிஷன் இல்லாத கடை, இலவசத் தராசு, வாசலில் விலைப்பலகை. ஜனங்கள் தானாகப் பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கோவை ஆர்.எஸ்.புரமோ, ஈரோடு சம்பத் நகரோ, இன்றைக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அதை நடத்துவது வேளாண் விற்பனைத் துறை, உள்ளாட்சி அல்ல. ஆனால் உள்ளாட்சி கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதில்தான் இருக்கிறது.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். ரோட்டுக்கடை காளானில் கலர் அள்ளிப் போடுகிறார்கள் (காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது நமக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்), பஜ்ஜி எண்ணெய் கறுத்துக் கிடக்கிறது என்று நகராட்சி ஆணையரிடம் மனு கொடுப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லைங்க. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பிறகு மாதிரி எடுப்பதும் வழக்குப் போடுவதும் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் வேலை. உள்ளாட்சியின் கையில் மிச்சமிருப்பது இடம், வாடகை, விளக்கு, தண்ணீர், கழிப்பிடம். சின்ன விஷயம் போலத் தெரியும். ஒரு ஊர் எதைத் தின்கிறது, எவ்வளவு நடக்கிறது என்பதில் பாதியைத் தீர்மானிப்பது இவைதான்.

பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியோ, கோபியோ, தாராபுரமோ, கடை வரிசை ஒரே மாதிரிதான்: பேக்கரி, சிப்ஸ், கூல் டிரிங்ஸ், மறுபடியும் பேக்கரி. யாருடைய சதியும் இல்லை. அதிக வாடகை கேட்டவருக்குக் கடை என்பது ஏல விதி. பாக்கெட் தீனி மாதக்கணக்கில் கெடாது, லாபமும் நிற்கும். கொய்யாவும் சுண்டலும் அன்றைக்கே விற்றாக வேண்டும். அந்த வாடகையை எந்தப் பழக்கடைக்காரரும் கேட்க முடியாது.

மகளிர் குழுவுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கடை ஒதுக்குவது நமக்குப் புதிதல்ல. அதே வழியில் இருபது கடைக்கு இரண்டைப் பழம், சுண்டல், மோர், கூழ் வகைக்கு என்று பிரித்து, அந்த வகைக்குள் மட்டும் தனி ஏலம் விடலாம். ஆரம்ப வாடகையைக் குறைத்து வைக்க வேண்டும். கடைக்குள் குழாயும் கைகழுவும் தொட்டியும் கட்டிக் கொடுக்க வேண்டும். கூழ்க்கடை கெட்டுப்போவதே தண்ணீரால்தான். இரண்டு இடத்தில் இது கவிழும். ஒன்று உள்வாடகை: எடுத்தவர் ஒருவர், நடத்துபவர் வேறொருவர். இன்னொன்று, மூன்றே மாதத்தில் வாழைத்தார் பின்னுக்குப் போய், முன்னால் சிப்ஸ் சரம் தொங்கும். முகப்பில் என்னென்ன வைக்கலாம், மீறினால் எத்தனை நாளில் ஒதுக்கீடு ரத்து என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால், பின்னால் நோட்டீஸ் கொடுத்து ஒன்றும் ஆகாது.

அடுத்து வாரச்சந்தை. கொங்கு நாட்டில் இது வெறும் வியாபாரம் இல்லை, புன்செய் புளியம்பட்டி வியாழக்கிழமைச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி ஆண்டுதோறும் ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்கப் பார்ப்பார். இரண்டு கட்டுக் கீரையோடு தரையில் சாக்கு விரித்து உட்காரும் அம்மாவிடமும் காசு, வேனில் மூட்டை இறக்குபவரிடமும் காசு. சொந்தத் தோட்டத்துக் காயைத் தலைச்சுமையாக, இருபது கிலோவுக்குள் கொண்டு வருபவர்களுக்குச் சுங்கம் இல்லை என்று ஏல அறிவிப்பிலேயே போட்டுவிடலாம். அதற்குத் தகுந்தபடி ஆரம்பத் தொகையைக் கொஞ்சம் குறைத்தால் ஒப்பந்ததாரரும் மல்லுக்கு நிற்க மாட்டார். கட்டணப் பலகை நுழைவாயிலில், கண்மட்டத்தில், அலுவலகத் தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும். ரசீதில் தொகை அச்சடித்திருக்க வேண்டும். தொகை எழுதாத துண்டுச்சீட்டு என்றால் வசூல் அவரவர் இஷ்டம்தான்.

சந்தை எந்த நேரத்தில் நடக்கிறது என்பதும் முக்கியம், அதைத் திருப்பூரில்தான் பார்க்க வேண்டும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிஃப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வருவது. உழவர் சந்தையோ விடியலில் களைகட்டி, வெயில் ஏறும்போது ஓய்ந்துவிடும். வேலை விட்டு வருபவருக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடையும் பேக்கரியும். அவரிடம் சரிவிகித உணவு பற்றி நோட்டீஸ் கொடுப்பது கொஞ்சம் அநியாயம். சனிக்கிழமை சம்பள நாள். அன்றைக்கு மட்டுமாவது, ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை, லைன் வீடுகள் (வரிசையாகக் கட்டிய சின்ன வாடகை வீடுகள்) நெருங்கிய பகுதியில் மாநகராட்சி இடத்திலேயே காய்ச்சந்தை போடலாம். விளக்கு, ஒரு கழிப்பிடம், குப்பைத் தொட்டி போதும். லைன் வீட்டில் ஒரே அடுப்பு, பிரிட்ஜ் இருக்காது. ஆகவே கால் கிலோ, அரைக் கிலோவாகக் கலந்து கட்டிய கூட்டுக்காய் இருந்தால்தான் விற்கும். இரண்டு கிலோ கூறு அங்கே போகாது.

பள்ளிக் காலை உணவுத் திட்டத்திலும் உள்ளாட்சிக்கு வேலை இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை அல்லது சிறுதானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய் என்பது அளவு. சிறுதானியம் என்றதும் உற்சாகத்தில் கம்பைத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது. கம்பை இரவெல்லாம் ஊறவைக்க வேண்டும். விடிகாலையில் அடுப்புப் பற்றவைக்கும் சமையலறைக்கு அது தோதுப்படாது. சாமையும் தினையும் அரைமணி நேரம் ஊறினால் போதும், பொங்கலாகக் குழையும். கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம், கொஞ்ச நாளிலேயே காறல் அடிக்கும். மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்கிவிட்டு, "பிள்ளைகளுக்குச் சிறுதானியம் பிடிக்கவில்லை" என்று அறிக்கை எழுதுவது எந்த ஊர் நியாயம்? உள்ளூர் மில்லில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாங்கினால் அந்தப் பிரச்சினையே இல்லை.

இனி நடை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பாதை அறிவித்தார்கள். நல்லது. ஆனால் கோவை ரேஸ்கோர்ஸில் காலையில் நடப்பவர்களில் பல பேர் அங்கே காரில்தான் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் தெருவில் நடக்க முடியவில்லை என்பதுதான் காரணம்.

தெருவில் என்ன கோளாறு? சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 103-ஆம் வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், விளிம்பு உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம்ம ஊரில் சாக்கடை மேல் போட்ட ஸ்லாப்தான் நடைபாதை. இரண்டு ஸ்லாப்புக்கு நடுவில் குதிகால் மாட்டும் இடுக்கு, தூர்வார எடுத்த ஸ்லாப் பக்கத்தில் சாய்ந்தபடி. வீட்டுக்கு வீடு வண்டி ஏற்றச் சிமெண்ட் சரிவு. விளிம்பை ஓரடிக்கு உயர்த்திக் கட்டினால் பைக் ஏறாது என்பது காண்ட்ராக்டர் கணக்கு. பைக் ஏறிவிடும், முழங்கால் வலிக்காரர்தான் ஏற மாட்டார். அவர் தார்ரோட்டில் இறங்கி நடப்பார். டிரான்ஸ்பார்மர் வந்தால் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். புதிதாகப் போடும் ஒரு கிலோமீட்டரை அளவோடு போட்டாலே பெரிய காரியம்.

பூங்காவுக்குள் பேவர் பிளாக் வேண்டவே வேண்டாம் என்பேன். வேர் தூக்கும், ஐப்பசி மழையில் பாசி பிடிக்கும். கிராவல் மண்ணைப் பத்து சென்டிமீட்டர் பரப்பி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி, ஓரத்துக்கு லேசாகச் சரிவு கொடுத்தால் காலுக்கும் இதம், செலவும் குறைவு. திறந்தவெளி ஜிம்மில் முதலில் போவது பேரிங். கிரீஸ் வைக்க ஆளில்லை. மூன்று வருடப் பராமரிப்பை டெண்டரிலேயே சேர்த்து, பில்லில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்தால் காண்ட்ராக்டரே கிரீஸ் டப்பாவோடு வருவார். நிழலில் அமைக்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தக் கம்பியைத் தொட முடியாது.

இதற்கெல்லாம் இடம் எங்கே என்பவர்கள் தங்கள் பகுதி லேஅவுட் வரைபடத்தைப் பார்க்கட்டும். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக 10 சதவீதம் பொது ஒதுக்கீடு, நாம் சொல்லும் ரிசர்வ் சைட், உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்ததுதான். பல இடங்களில் அதில் ஷெட்டோ குப்பையோ இருக்கும். முதல் வேலை கம்பிவேலியும் பெயர்ப்பலகையும், பூங்கா அப்புறம்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபை. தலைவர் இருந்தாலும், தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானப் புத்தகம் ஒன்றுதான். "நடைபயிற்சிக்கு வசதி செய்து தர வேண்டும்" என்று கொடுத்தால் 'பரிசீலிக்கப்படும்' என்று முடித்துவிடுவார்கள். சர்வே எண், எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை, எத்தனை மீட்டர் அகலம், எந்த நிதித் தலைப்பு, எந்த மாதத்துக்குள் என்று எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பதிவேட்டில் ஏறிய பக்கத்தைப் போனில் படமெடுத்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேளுங்க.