கொவ்பே வந்ததால் பிரதேச செயலகத்தில் இனிக் காசு எடுக்கமாட்டார்களா?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. பிரதேச செயலகங்களில் இனிக் காசு எடுக்கமாட்டார்களாம். அந்தத் தகவலோடு வரும் இணைப்பில், அரச கட்டணம் செலுத்தும் கொவ்பே (GovPay) ஆப்பை இறக்கி வங்கி அட்டை இலக்கத்தைப் பதியாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் கிடையாதாம். இது பொய்.

2025 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கிய கொவ்பே, அரச கட்டணங்களை இணையவழியில் செலுத்தக் கூடுதலாகத் திறந்த ஒரு வழிதான். தனி ஆப் இறக்கத் தேவையில்லை. இணைந்துள்ள வங்கிகளின் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. அட்டை இலக்கம் கேட்கிற இணைப்பை எப்படிப்பட்டவர்கள் அனுப்புவார்கள் என்று தனியே சொல்ல வேண்டுமா?

சான்றிதழ் விஷயத்தில் உண்மையான வசதி வேறு. கணினித் தரவுத்தளத்தில் ஏறிய பதிவென்றால், முல்லைத்தீவில் பிறந்தவர் வவுனியாவிலேயே பிரதி எடுக்கலாம். இடம்பெயர்ந்தே வாழ்ந்த வன்னிச் சனத்துக்கு இது பெரிய விஷயம்; இதைத்தான் ஒருவரும் ஃபோர்வர்ட் பண்ணுவதில்லை. சந்தேகமென்றால் அரச தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.