22 பேருக்குள் அடங்காத வேலை

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் நீச்சலில் யார் பெரிய பயிற்சியாளர் என்று பேச்சு வந்தால் எல்லாரும் பட்டங்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி எண்ணினாலும் எடி ரீஸ்தான் முதலில் வருவார். 1978இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1979இல் அணி தேசிய அளவில் 21வது இடம், அடுத்த வருஷம் 2வது, 1981இல் முதலிடம். 2024இல் ஓய்வு பெறும்போது 15 தேசியப் பட்டங்கள் அவர் கணக்கில் இருந்தன. நான் அவரை இவ்வளவு மதிப்பது வேறு ஒரு கணக்குக்காக. சுமாரான நேரத்தோடு வந்து சேர்ந்த பையன்கள் நாலு வருஷம் கழித்து எங்கே போய் நின்றார்கள் என்ற கணக்கு. கல்லூரிப் பயிற்சியாளர் வேலைக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அணியில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று இப்போது வந்திருக்கும் புது விதிகள் அந்த வேலையின் அடிமடியிலேயே கை வைக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கே கல்லூரி நீச்சல் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குளம் 25 கஜம், ஒலிம்பிக் குளத்தில் பாதி நீளம்கூட இல்லை. அதனால் சுவரில் திரும்புவதும், திரும்பியபின் தண்ணீருக்கடியில் உதைத்துப் போவதும் பாதி பந்தயத்தைத் தீர்மானித்துவிடும். இலையுதிர் காலத்தில் தொடங்கும் சீசன் மார்ச்சில் தேசியப் போட்டியோடு முடியும். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுக்க விதி அனுமதிக்காது. விடியற்காலையில் தண்ணீர், அப்புறம் வகுப்பு, மறுபடி மதியம் தண்ணீர். உதவித்தொகையும் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. சமீபம் வரை ஒரு ஆண்கள் நீச்சல் அணி முழுவதற்கும் 9.9 உதவித்தொகைதான் உச்சவரம்பு. பெரிய கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அப்போது 85. அந்த 9.9ஐ முப்பது பையன்களுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பதும் பயிற்சியாளர் வேலைதான். பலருக்குப் பைசா கிடைக்காது. பெற்றோர் கட்டணம் கட்டுவார்கள், பையன் அணியில் இருப்பான்.

தேசியப் போட்டியின் புள்ளிமுறையைப் புரிந்துகொண்டால்தான் பயிற்சியாளரின் தலைவலி புரியும். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் 16 பேருக்குப் புள்ளி உண்டு. முதலிடத்துக்கு 20, இரண்டாவதுக்கு 17, பிறகு ஒவ்வொன்றாக இறங்கி எட்டாவதுக்கு 11. ஒன்பதாவதுக்கு 9தான், பதினாறாவதுக்கு 1. ரிலேவுக்கு எல்லாமே இரட்டிப்பு. காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதி. காலையில் எட்டாவதாக வந்தவன் மாலையில் என்ன சொதப்பினாலும், தகுதி நீக்கம் ஆகாதவரை, 11 புள்ளி கைவசம். ஒன்பதாவதாக வந்தவன் எவ்வளவு வேகமானவனாக இருந்தாலும் அதிகபட்சம் 9தான். இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு விநாடியின் நூறில் சில பங்கு. ஆறு மாத உழைப்பு காலை பத்து மணிக்கு ஒரு சுவரைத் தொடும் விரல் நுனியில் முடிந்துவிடும். அதனால்தான் பெரிய அணிகளில் காலைச் சுற்றுதான் முக்கியம் என்று பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பார்வையாளர்கள் மாலையில் வருகிறார்கள். போட்டி பாதி அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய தலைவலி டேப்பர். மாதக்கணக்கில் உடம்பைப் போட்டு வாட்டி, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வந்து, போட்டி அன்று உடம்பு துள்ளும்படி கொண்டுவந்து நிறுத்துவது. 50 கஜம் நீந்துபவனுக்கு நீண்ட ஓய்வு வேண்டும். 1,650 கஜம் நீந்துபவனுக்கு அவ்வளவு ஓய்வு கொடுத்தால் தண்ணீர் மீதுள்ள பிடிப்பே போய்விடும். ஒருவனுக்குப் பரீட்சை, ஒருவனுக்குச் சளி, ஒருவனுக்குக் காதல் முறிவு. முப்பது உடம்பு, முப்பது விதமான சோர்வு. இதில் இன்னொரு சிக்கல். நட்சத்திர வீரன் சீசன் நடுவிலேயே தேசியப் போட்டிக்கான தகுதி நேரத்தை எடுத்துவிடுவான். அவனை மார்ச்சுக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். நடுத்தர வீரனுக்குப் பிப்ரவரி மண்டலப் போட்டியிலேயே முழு ஓய்வு கொடுத்தால்தான் தகுதி நேரமே வரும். அப்படிக் கொடுத்தால் மார்ச்சில் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? இந்த முடிவை ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். கணிப்பொறி இதற்கு உதவாது. பையனை மூன்று வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மண்டலப் போட்டியிலும் தகுதி நேரம் வராதவர்களுக்காகக் கடைசி வாய்ப்புப் போட்டி என்று ஒன்று நடத்துவார்கள். அதை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும். கூட்டம் இல்லை, இசை இல்லை. நான் பார்த்ததில் ஒரு பையன் 200 கஜம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தனியாக நீந்தினான். பக்கத்துத் தடங்கள் காலி. எதிரி கடிகாரம் மட்டும்தான். ஆனால் குளத்தின் ஓரம் முழுக்க அவன் அணிக்காரர்கள். ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டவர்கள், வாய்ப்பே இல்லாதவர்கள், எல்லாரும் அவனோடு ஓரத்திலேயே நடந்து வந்து, கையிலிருந்த உதைபலகையைத் தரையில் அடித்துக் கத்துகிறார்கள். சில பத்தில் ஒரு பங்கு விநாடிகளில் தவறிவிட்டது. நேரம் காட்டும் பலகையில் எண் வந்ததும் சத்தம் அப்படியே அடங்கியது. பயிற்சியாளர் பலகையைப் பார்க்கவில்லை. முட்டி போட்டுக் குனிந்து, மூன்றாவது திருப்பத்தில் கை எங்கே இருந்தது என்று தன் கையாலேயே காட்டினார். பையன் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நீந்தினான். அந்தத் தடவை கிடைத்தது. தேசியப் போட்டியில் அவன் ஒரு புள்ளிகூட எடுக்காமல் போகலாம், அது அங்கிருந்த எல்லாருக்குமே தெரியும். ஆனாலும் குதித்தார்கள்.

ஆண்கள் நீச்சலில் இந்த நடுத்தரப் பையன்களுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. பல பையன்களுக்கு 17 வயதில் உடம்பு இன்னும் முடிந்திருக்காது. உயரம் வந்திருக்கும், சதை வந்திருக்காது. தோளும் தொடையும் 20, 21இல்தான் பலம் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் வளர்ந்தவன் ஜெயித்துக்கொண்டிருப்பான். தாமதமாக வளர்பவன் பின்னாலேயே நீந்திக்கொண்டிருப்பான். அந்த வயதில் எடுத்த நேரத்தை வைத்து இவன் இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது பெரிய தப்பு. கை வீச்சையும், தண்ணீரைப் பிடிக்கும் விதத்தையும், தோற்ற பிறகு முகம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்து, இவனுக்கு மூன்று வருஷம் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் கண்தான் இந்தத் தொழிலின் மூலதனம்.

2015 தேசியப் போட்டி அயோவா நகரத்தில் நடந்தது. 100 கஜம் பட்டர்ஃபிளை இறுதியில் எட்டு தடங்கள், அதில் ஆறு பேர் டெக்சாஸ் பையன்கள். ஒரே கல்லூரி, ஒரே பந்தயம், ஒரே பயிற்சியாளர். நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஒன்றிரண்டு பேர் இறுதிக்கு வரலாம். ஆறு பேரை அங்கே நிறுத்த வேண்டுமென்றால் தினசரிப் பயிற்சியில் ஒருவனை ஒருவன் துரத்த வேண்டும், ஐந்தாவதும் ஆறாவதுமாக இருப்பவன் மீதும் யாரோ அக்கறை எடுத்திருக்க வேண்டும். அன்று ஜெயித்தவர் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங். அடுத்த வருஷம் ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் 50.39 விநாடி. அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸ் உட்பட மூன்று பேர் 51.14இல் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டார்கள். சிங்கப்பூருக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அங்கே அப்போது சனிக்கிழமை காலை. நம் சிங்கப்பூர்த் தமிழ் நண்பர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பதக்கத்தில் தினமும் பக்கத்துத் தடத்தில் நீந்தி அவரை விரட்டிய பையன்களுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே அயோவாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய பட்டர்ஃபிளை உருவானதில் அங்குள்ள அயோவா பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1930களில் டேவிட் ஆர்ம்ப்ரஸ்டர் என்ற பயிற்சியாளரும் ஜாக் சீக் என்ற அவருடைய மாணவரும் அங்கேதான் கை வீச்சையும், இரு கால்களையும் ஒன்றாகச் சேர்த்து அடிக்கும் டால்பின் உதையையும் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த அயோவா ஆண்கள் நீச்சல் அணியையே கலைப்பதாக 2020இல் அறிவித்துவிட்டது. 1982இல் தேசியப் பட்டம் வென்ற யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 1994இலேயே கலைத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் உள்ள கால்பாலி பல்கலைக்கழகம் 2025இல் ஆண், பெண் இரு அணிகளையும் மூடியது. ஒவ்வொரு தடவையும் பணம்தான் காரணம் என்கிறார்கள். அரிசோனா ஸ்டேட்டும் 2008இல் ஆண்கள் அணியை நிறுத்தியது. பழைய மாணவர்களும் ஆதரவாளர்களும் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். 2015இல் பாப் போமன் அங்கே பயிற்சியாளராகப் போனார், பிரான்ஸிலிருந்து லியோன் மர்ஷான் என்ற நீச்சல் வீரர் வந்தார், 2024இல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. சில நாட்களில் போமன் டெக்சாஸுக்குப் போனார், 2025இல் அங்கேயும் பட்டம். அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கலைக்கப்பட்ட அணியைத் தங்கள் கைக்காசு போட்டு உயிரோடு வைத்திருந்தவர்கள் இல்லாவிட்டால் 2024 பட்டம் ஏது?

இப்போது புது விதிக்கு வருகிறேன். 2025 ஜூனில், கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை. இது நியாயம்தான். அந்தப் பையன்களின் உழைப்பில் பல பேர் பல வருஷம் சம்பாதித்தார்கள். உதவித்தொகை உச்சவரம்பும் போனது, அதுவும் நல்லதே. ஆனால் அதற்குப் பதிலாக வந்தது ஆள் எண்ணிக்கை வரம்பு. ஆண்கள் நீச்சலுக்கும் டைவிங்குக்கும் சேர்த்து 30 பேர். டெக்சாஸ் இப்போது இருக்கும் எஸ்இசி என்ற கல்லூரிக் கூட்டமைப்பு அதையும் குறைத்து 22 ஆக்கிவிட்டது. முப்பதுக்கு மேல் சாதாரணமாக இருந்த அணிகள் இவை. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. புதிதாக வருபவனுக்குக் கிடையாது.

தேசியப் போட்டிக்கு ஓர் அணி அதிகபட்சம் 18 நீச்சல் வீரர்களைக் கொண்டுபோகலாம், டைவிங் வீரருக்கு அரைக் கணக்கு. ஆக 22இல் கிட்டத்தட்ட எல்லாருமே இப்போதே தேசியப் போட்டிக்குத் தயாரானவர்களாக இருந்தாக வேண்டும். மூன்று வருஷம் காத்திருக்க எந்தப் பயிற்சியாளருக்குத் தைரியம் வரும்? ஓர் இடத்தை 17 வயதுப் பையனுக்குக் கொடுப்பதைவிட, வேறு கல்லூரியில் 21 வயதில் நேரத்தை நிரூபித்துவிட்டவனை இடமாற்றத்தில் கூட்டி வருவது பத்திரம். பயிற்சியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

சிலர் இதற்கெல்லாம் வெளிநாட்டு வீரர்கள்தான் காரணம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவ்வளவு பேர் இருந்த அணியில் ஸ்கூலிங் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அவரோடு நீந்தியவர்கள் வேகமானார்கள். இடத்தைச் சுருக்கியவர்களை விட்டுவிட்டு வந்தவர்களைத் திட்டுவது முறையில்லை. பைசா வாங்காமல், சொந்தச் செலவில், விடியற்காலை எழுந்து வரத் தயாராக இருக்கும் பையனை வரம்பு காட்டி வாசலிலேயே நிறுத்துவதால் யாருக்கு என்ன மிச்சம்? தண்ணீர் அதே தண்ணீர்தான், தடத்தில் இன்னொருவன் நீந்த இடமும் இருக்கிறது. அணிகளே கலைந்துகொண்டிருக்கும் விளையாட்டில் இருக்கும் அணிகளையும் சுருக்குவது எனக்குக் கொஞ்சமும் ஏற்கவில்லை. குறைந்தபட்சம் எஸ்இசி அந்த 22ஐ 30க்கு உயர்த்த வேண்டும். உதவித்தொகை வாங்காதவர்களை எண்ணிக்கையிலேயே சேர்க்கக் கூடாது.

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் கிளப்புகளில் நீந்துகிறார்கள். கல்லூரி தேடும் வயது வரும்போது பெற்றோர்கள் பட்டங்களையும் புதுக் குளத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றாவது, நான்காவது வருஷத்தில் இருக்கும் பையன்களின் பழைய நேரத்தையும் இப்போதைய நேரத்தையும் எடுத்து வைத்துப் பாருங்கள், எல்லாம் பொதுவில் கிடைக்கிறது. முதல் வருஷம் பின்தங்கியிருந்தவர்கள் இப்போது எங்கே என்று பயிற்சியாளரிடமே கேளுங்கள். பெயர் சொல்லி, இவன் இப்படி வந்தான், இங்கே இதை மாற்றினோம் என்று அவர் பேச ஆரம்பித்தால், அந்த அணி எத்தனையாவது இடத்தில் இருந்தாலும் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.