அந்த விளையாட்டைப் பத்தி ஒரு குறை சொல்லிடக் கூடாதா?

விட்சர் 3 பத்தி யாராவது ஒரு குறை சொன்னா போதும், நாலு பேர் மேல விழுந்து பிடுங்குறாங்க. பார்த்துப் பார்த்து வெறுத்துப் போச்சு. "நீ சரியா ஆடலை." "முதல் 15 மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டணும்." "உனக்குக் கதையெல்லாம் சரிப்படாது, போய் சுடுற கேம் ஆடு." இந்த மூணுக்கு மேல நாலாவதா ஒரு பதிலை இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை. 2015 மே மாசம் வந்த கேம் இது. பத்து வருஷம் தாண்டியும் அதைச் சுத்தி ஒரு கூட்டம் காவலுக்கு நிக்குது.

நான் சேலத்துல, ஐந்து ரோடு பக்கம், கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ற கடையில வேலை பாக்கிறேன். கேமிங் சிஸ்டம் கேட்டு வர்ற பசங்க வாயில முதல்ல வர்ற பேர் பெரும்பாலும் ஜிடிஏ, அடுத்தது இது. "அண்ணா, விட்சர் ஓடுமாண்ணா?" ஏன்டா அதைக் கேக்குறன்னா, யூடியூப்ல யாரோ "சாகறதுக்குள்ள ஆட வேண்டிய கேம்"னு சொல்லியிருப்பாங்க, இல்லைன்னா காலேஜ் சீனியர் சொல்லியிருப்பான். சண்டை எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் பிடிக்கும், எவ்வளவு படிக்கணும், இதை எவனும் சொல்லி அனுப்புறதில்லை. "மாஸ்டர்பீஸ்" அப்படின்னு ஒரே வார்த்தை. அதோட சரி.

சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறையில வேலை பாக்கிற ஒரு தம்பி அப்படித்தான் வந்தான். கூலியில மிச்சம் பிடிச்சு, செகண்ட்ஸ்ல ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கினான். பவர் சப்ளை பத்தாதுன்னு அதுக்கும் செலவு பண்ணினான். 2022 டிசம்பர்ல வந்த பெரிய அப்டேட்டுக்கு அப்புறம், திரையில படம் வரையிற மென்பொருளான டைரக்ட்எக்ஸோட 12-ல அந்தக் கேம் அவன் சிஸ்டத்துல திக்கித் திக்கித்தான் ஓடுச்சு, அதனால 11-ல ஓடுற மாதிரி நானே செட் பண்ணிக் குடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு சார்ஜர் வாங்க வந்தவன்கிட்ட, "கேம் எப்படிப்பா ஓடுது?"ன்னு கேட்டேன். "கேம் ஓடுதுங்கண்ணா, எனக்குத்தான் ஓடலை. எல்லாரும் ஆகா ஓகோன்றாங்க. எனக்கு இங்கிலீஷும் பத்தலை, ஆடவும் தெரியலை போலிருக்குங்கண்ணா"ன்னான்.

அந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வச்சது. நாள் பூரா நெருப்புக்கு முன்னாடி குனிஞ்சு உக்காந்து, கடுகளவு வெள்ளி முத்தை இடுக்கியில பிடிச்சு வரிசை மாறாம பத்தவைக்கிற பையன் அவன். அவனுக்கா பொறுமை இல்லை? அவனுக்கா கை பழகலை? குறை அவன்கிட்ட இல்லை. ஒரு கேம்ல இருக்கிற குறையை மூடி மூடி வச்சு, கடைசியில அதை ஆடுறவன் தலையில கட்டிட்டாங்க.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன், நான் ஒண்ணும் வெறுப்புல பேசலை. வெலன் பகுதியில வர்ற அந்தக் குடிகாரப் பிரபு, பிலிப் ஸ்ட்ரெங்கரோட கதை, நான் எந்த விளையாட்டுலயும் பார்த்த கதைகளை விட ஒரு படி மேல. பொண்டாட்டியையும் மகளையும் காணோம்னு நம்மகிட்ட உதவி கேக்கிறான். தோண்டத் தோண்ட, குடிச்சிட்டு வந்து பொண்டாட்டியை அடிச்சவன், அதுல கரு கலைஞ்சதுன்னு வெளிய வருது. புதைச்ச அந்தச் சிசு பேயா எழுந்து வருது. அதைக் கொல்லவும் செய்யலாம். இல்லைன்னா ராத்திரியில, மழையில, அவனே அதைக் கையில ஏந்திக்கிட்டு வீட்டு வாசல் வரைக்கும் நடக்கணும். அது கையில துடிக்கிறப்பெல்லாம் நாம மந்திரம் போட்டு அடக்கணும். வாசல்படிக்கு அடியில குழி தோண்டி, "டியா"ன்னு பேர் வச்சு, என் மகள்னு சொல்லிப் புதைக்கிறான். அந்த இடத்துல அவன் குரல் உடையும். பெண்டாட்டியை அடிச்சதை நியாயப்படுத்தவும் முடியாம, அழாம இருக்கவும் முடியாம நிக்கிற ஒரு மனுசன். அப்புறம் மரத்தடியில அடைபட்டுக் கிடக்கிற அந்த ஆவி. விடுவிச்சா சதுப்பு நிலத்துப் பிள்ளைங்க பிழைக்கும், ஆனா பொண்டாட்டி அன்னா செத்துருவா, பிரபு தூக்குல தொங்குவான். கொன்னா பிள்ளைங்க போயிடும், அன்னா புத்தி பேதலிச்சு உயிரோட இருப்பா, அவளைக் கூட்டிக்கிட்டு வைத்தியம் தேடி அவன் கிளம்பிருவான். நல்லது இது, கெட்டது இதுன்னு நமக்கு ஒரு பிடிமானமும் கிடையாது. எழுதினவங்க கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கலாம்.

நாம ஆடுற நாயகன் ஜெரால்ட், அவன் மகளா வளர்த்த பொண்ணு சிரி. கடைசியில அவ பிழைப்பாளா இல்லையாங்கிறது எதை வச்சு முடிவாகுதுன்னு பாருங்க. பெரிய போர் எதையும் வச்சு இல்லை. அவ மனசொடிஞ்சு உக்காந்திருக்கிறப்போ சாராயம் ஊத்திக் குடுத்தமா, பனிக்கட்டி உருட்டி எறிஞ்சு விளையாடினமா. தனியாப் போய்ப் பேசுறேன்னு அவ சொன்னப்போ நம்பி விட்டமா, கூடவே ஒட்டிக்கிட்டுப் போனமா. இப்படி ஒரு அஞ்சு சின்ன இடம். பிள்ளை வளர்க்கிறதைப் பத்தி இவ்வளவு சரியா யோசிச்ச கேம் வேற எனக்குத் தெரியாது. 2015-ல கேம் அவார்ட்ஸ்ல வருஷத்தோட சிறந்த விளையாட்டுன்னு பரிசு குடுத்தாங்க, 2023-ல 5 கோடிக்கு மேல வித்துருச்சுன்னு கம்பெனி அறிவிச்சது. எழுத்துக்குன்னா அவ்வளவும் தகும்.

ஆனா அந்த எழுத்தைப் போய்ச் சேர்றதுக்கு நடுவுல என்னென்ன கிடக்குது? அதைத்தானே யாரும் பேச மாட்டேங்குறாங்க.

சண்டையை எடுத்துக்குங்க. ஜெரால்ட் ஒரு விட்சர், அதாவது பேய் பிசாசு வேட்டையாடவே பழக்கி வளர்த்தவன், ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு தைலம், ஒரு கசாயம், ஒரு குண்டுன்னு புத்தகமே இருக்கு. படிக்க அருமையா இருக்கும். நடுத்தரமான கடினத்துல ஆடினா அதுல எதுவுமே தேவைப்படாது. க்வென்ங்கிற மந்திரக் கவசத்தைப் போடு, ரெண்டு வெட்டு வெட்டு, விலகு, மறுபடி க்வென். நீர்ப்பேயா இருந்தாலும் இதே. கொள்ளைக்காரனா இருந்தாலும் இதே. பறக்கிற கிரிஃபினா இருந்தா நடுவுல குறுக்குவில்லால ஒரு அம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். கடினத்தைக் கூட்டி ஆடுன்னு உடனே ஒருத்தன் வருவான். கூட்டினா எதிரிக்கு உசுரு கூடும், நமக்கு அடி கூடும். சண்டை என்னமோ அதே சண்டைதான்.

நடக்கிறதே ஒரு பாடு. வளைஞ்சு திரும்ப லாரி மாதிரி இடம் கேப்பான் ஜெரால்ட். விளையாடுறவங்க போட்ட சத்தத்துல, கேம் வந்த ரெண்டே மாசத்துல கம்பெனியே வேற ஒரு நடை முறையைச் சேர்த்துக் குடுத்தது. ஆக, குறை இருந்ததுன்னு செஞ்சவங்களே ஒத்துக்கிட்டாங்க. ரசிகருங்கதான் இன்னும் ஒத்துக்கலை. குடிசைக்குள்ள மேசை மேல இருக்கிற பொருளை எடுக்கப் போனா பக்கத்துல இருக்கிற மெழுகுவர்த்தியைப் பத்த வைப்பான். மறுபடி அமுக்கினா அணைப்பான். ஒரு கடிதத்தை எடுக்க மூணு தடவை விளக்கேத்தி மூணு தடவை அணைக்கிறதை நான் படிச்ச எந்த விமர்சனமும் சொல்லலை.

அடுத்து அந்தச் சிவப்புத் தடம். ஊர்ப் பலகையில பேய் வேட்டை ஒப்பந்தம் எடுப்போம், ஊர்க்காரன் ஒருத்தன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு கதை சொல்லுவான், கூலி பேசுவோம். அதுவரைக்கும் அழகு. அதுக்கப்புறம் ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு சிவப்பா மின்னுற காலடியைத் தேடித் தேடி நடக்கணும். ரத்தம், கால்தடம், வாசனைன்னு அது பாட்டுக்கு மின்னும், நாம பாட்டுக்குப் போகணும். நாம யோசிச்சுக் கண்டுபிடிக்கிறதுக்கு அங்க ஒண்ணுமே வைக்கலை, எல்லாத்தையும் ஜெரால்டே வாய் விட்டுச் சொல்லிருவான். பத்தாவது ஒப்பந்தத்துல அலுக்காதவன் இருந்தா வரச் சொல்லுங்க, பேசலாம்.

சேர்க்கிற சாமானுக்கும் கணக்கு வழக்கில்லை. கயிறு, தோல், உடைஞ்ச குப்பை, ஒரு மூட்டை கத்தி. எடை கூடினா ஓட முடியாது, விக்கப் போனா வியாபாரிகிட்ட காசு தீர்ந்து போயிருக்கும். பழைய ராஜா கல்லறையில இருந்து பேர் போன வாளை எடுத்தா, ரெண்டு லெவல் தாண்டி வழியில செத்த திருடன் கையில அதைவிட நல்ல வாள் கிடக்கும். அப்புறம் எதுக்கு அந்தக் கல்லறை, எதுக்கு அந்தக் கதை? இதுல இன்னொரு கொடுமை, கிளைக் கதைகளை ஆசையா முடிச்சுக்கிட்டே வந்தா நம்ம லெவல் ஏறிடும், மீதி இருக்கிற கதைங்க சாம்பல் நிறமாயிடும், அதை முடிச்சா அனுபவப் புள்ளி ஒண்ணும் பெரிசா வராது. ஊர் ஊராச் சுத்துன்னு சொல்லிட்டு, சுத்துறவனுக்கே தண்டனை.

நோவிகிராட் நகரத்துக்கு வர்றேன். நம்ம தம்பி நின்னு போனது அங்கதான். நின்னு போன நிறைய பேர் அங்கதான் நின்னிருக்காங்க. சிரியைத் தேடிப் போறோம், உலகமே அழியப் போகுது, பின்னாடி பேய்ப்படை துரத்துது. சிரி எங்கன்னு ஜெரால்டோட பாட்டுக்காரச் சிநேகிதன் டேன்டிலியனுக்குத் தெரியும். டேன்டிலியன் எங்கன்னு இன்னொருத்திக்குத் தெரியலாம். அவளைப் பார்த்தா கனவு காண்றவளைத் தேடணும், அப்புறம் தாதா ஒருத்தனோட புதையல், அப்புறம் இன்னொரு தாதா, அப்புறம் நாடகம் போட ஆள் சேர்க்கணும். ஏற்காட்டுக்கு ஏறுற 20 கொண்டை ஊசி வளைவுலயும் வளைவுக்கு ஒருத்தன் வண்டியை நிறுத்தி, "என் வீட்டு வேலையை முடிச்சுக் குடு, அடுத்த வளைவுக்கு விடுறேன்"னா எவன் மலை ஏறுவான்? தனித்தனியாப் பார்த்தா அதுல சில காட்சி நல்லாவே இருக்கு, நாடகத்தை நான் ரசிச்சேன். ஆனா மகளைத் தேடுற ஒருத்தனோட பதற்றத்தை மொத்தமாக் கொன்னுருச்சு அந்த நகரம்.

இன்னும் பார்க்காத இடத்தை வரைபடத்துல கேள்விக்குறி போட்டுக் காட்டும்; ஸ்கெலிகே தீவுகளைச் சுத்திக் கடல்ல மிதக்கிற அந்தக் கேள்விக்குறிகளைப் பத்தி அதிகம் பேச மாட்டேன். படகுல போ, சைரன்ங்கிற பறக்கிற பேய்ங்க மொய்க்கும், அம்பு விடு, முங்கு, பெட்டியைத் திற, குப்பை. மறுபடி படகு. அதை உக்காந்து யோசிச்சு வரைபடம் பூரா தெளிச்சு வச்சாங்களே, அவங்களுக்கே தோணலையா?

மொழி விஷயமும் இருக்கு. எழுத்துதான் இந்தக் கேமோட உசுருன்னா, அந்த எழுத்து இந்தியாவுல ஒரு மொழியிலகூட இல்லை. போலிஷ், அரபி, கொரியன், ஜப்பான்னு இருக்கு. தமிழ் இல்லை, இந்திகூட இல்லை. தமிழ் மீடியத்துல பத்தாவது வரைக்கும் படிச்ச பையன், ரெண்டு பேர் வேகமாப் பேசுறப்போ கீழ ஓடுற பொடி எழுத்துல பழங்கால இங்கிலீஷைப் படிச்சு, அதுக்குள்ள பதிலையும் தேர்ந்தெடுக்கணும். சில பதிலுக்கு நேரக் கெடு வேற ஓடும். கதைதான் இதோட பெருமைன்னு சிபாரிசு பண்றவன் இதை முதல் வார்த்தையா சொல்லியிருக்கணுமா இல்லையா?

இப்படிக் குறையே பேசாம கும்பிட்டதோட விளைவையும் பார்த்தாச்சே. இதே கம்பெனி 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077 விட்டது. விட்சர் செஞ்சவங்க, தப்பே பண்ண மாட்டாங்கன்னு நம்பிக் காசு கட்டிக் காத்திருந்தாங்க. பழைய பிளேஸ்டேஷன் 4-ல ஆடவே முடியாத நிலைமையில வந்து, ஒரு வாரத்துல சோனியே கடையில இருந்து தூக்கிட்டு, காசைத் திருப்பிக் குடுத்தது. அப்புறம் பல அப்டேட் விட்டு நல்லா ஆக்கிட்டாங்க, அது உண்மை. ஆனா முதல் நாள் காசு குடுத்தவன் என்ன பாவம் பண்ணினான்? மத்தக் கம்பெனிகளும் விட்சர்கிட்ட இருந்து கத்துக்கிட்டது என்ன? குடிகாரப் பிரபு மாதிரி ஒரு கதை எழுதவா கத்துக்கிட்டாங்க? கேள்விக்குறியும், லெவலும், கலர் கலரா வாளும்தான். 2017-க்கு அப்புறம் வந்த அசாசின்ஸ் கிரீட் கேம்களை ஆடிப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

அந்தத் தம்பிகிட்ட நான் சொன்னதை இங்கயும் எழுதிடுறேன், இன்னொருத்தனுக்கு உதவும். கடினத்தை ஆகக் குறைச்சலா வச்சுக்கோ, ஒரு கௌரவமும் குறையாது. வரைபடத்துல கேள்விக்குறி தெரியாத மாதிரி மறைச்சு வச்சிரு. மேம்படுத்துற வாள் கவசமெல்லாம், விட்சர்களுக்குன்னே செஞ்ச செட் ஒண்ணே போதும், மீதியைக் கையிலகூடத் தொடாதே. நோவிகிராட்ல டேன்டிலியன் கதையை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஓடு. தீவைத் தாண்டி கேர் மோர்ஹென் கோட்டைக்கு வந்துட்டேன்னா அப்புறம் கீழ வைக்க மனசு வராது. ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்ங்கிற கூடுதல் கதையைக் கட்டாயம் ஆடு, அதுல வர்ற கண்ணாடி வியாபாரி முக்கியக் கதையில வர்ற வில்லனுங்களை விட ஆயிரம் மடங்கு பயமுறுத்துவான். புரியாத இங்கிலீஷ் வந்தா போட்டோ எடுத்து அனுப்பு, நான் சொல்றேன். "இதையெல்லாம் எவனும் சொல்லலைங்களேண்ணா"ன்னான்.

இப்ப நாலாவது வருது. 2024 டிசம்பர்ல முன்னோட்டம் விட்டாங்க, சிரிதான் நாயகி. விளையாட்டு இன்னும் யார் கைக்கும் வரலை. அதுக்குள்ளயே கடைக்கு வந்து, "அண்ணா, விட்சர் 4-க்கு இப்பவே எந்த கார்டு வாங்கி வச்சுக்கலாம், செம மாஸ்டர்பீஸாமே"ன்னு கேக்குறான் ஒருத்தன். எவன் ஆடிப் பார்த்துட்டு அப்படிச் சொன்னான்னு கேட்டேன், பதில் இல்லை. கார்டு இப்ப வாங்காதேன்னு அனுப்பி வச்சேன்.